கொடிவேரிக்குப் புறப்படும் முன்பே தெரிய வேண்டும்

நீர்வளத்துறை, மாவட்ட நிர்வாகம், உள்ளாட்சி, காவல்துறை, போக்குவரத்துக் கழகம் என்று கொடிவேரி அணைக்கட்டின் ஞாயிற்றுக்கிழமைகளைக் கவனித்துக்கொள்ளும் அலுவலர்கள் அனைவருக்கும், கோபி (கோபிசெட்டிபாளையம்), சத்தி (சத்தியமங்கலம்) வட்டாரத்தில் வசிக்கும் நாங்கள் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

பவானி ஆற்றில் தண்ணீர் கூடுதலாக வரும் நாளில் கொடிவேரியில் குளிக்கத் தடை போடுகிறீர்கள். அது சரியான முடிவு. அதை நாங்கள் ஒருபோதும் எதிர்க்க மாட்டோம். தடை விழுந்த செய்தி கேட்டுக்கு முன்னால் வந்து நின்ற பிறகு தெரிவதைவிட, வீட்டில் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே தெரிய வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். இது வசதிக்காகக் கேட்பது மட்டும் இல்லை. அடைத்த கேட்டைப் பார்த்துத் திரும்பும் கூட்டம் அடுத்து எங்கே போகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஞாயிறு கொடிவேரி என்றால் வேலை சனிக்கிழமை மாலையே தொடங்கிவிடும். பத்துப் பேர் கிளம்பினால் புளிசாதத்துக்கு ஒரு கிலோ அரிசி, தயிர்சாதத்துக்கு அரைக் கிலோ. புளிக்காய்ச்சலை இரவே காய்ச்சி இறக்கிவிடுவார்கள். சோற்றை விடியற்காலை வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறிய பிறகுதான் கிளறுவார்கள். சூட்டோடு தூக்குப்போசியில் போட்டு மூடினால் மூடியில் வியர்த்த தண்ணீர் சோற்றிலேயே சொட்டி, மதியத்துக்குள் வாடை வந்துவிடும். தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுக் கிளறினால் ஒரு மணிக்குச் சாப்பிடும்போது புளிக்காமல் இருக்கும். இத்தனைக்கும் அடுப்புப் பற்றுவது நாலரை மணிக்கு. வேன் பிடிப்பவர்கள் சனிக்கிழமையே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வருகிறவர்களில் பலருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் விடுமுறை. பாட்டி, பேரன், கைக்குழந்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாரையும் ஒரே நாளில் ஒன்று சேர்ப்பது மாதத்துக்கு ஒருமுறை வாய்த்தாலே பெரிது.

அப்படி ஒன்பது மணிக்கு வந்து சேரும் குடும்பம், கேட் அடைத்திருக்கிறது என்றதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போகாது. பிள்ளைகள் மாற்றுத் துணியோடு வந்திருக்கிறார்கள், சோறு கட்டியாகிவிட்டது, வேன் வாடகை கொடுத்தாகிவிட்டது. 'இங்கே விடாவிட்டால் என்ன, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்க்கலாம்' என்று யாராவது ஒருவர் சொல்வார். ஆற்றை ஒட்டிய தோட்டங்களுக்கு நடுவே ஏதாவது ஒரு வண்டித்தடம் கரைக்கு இறங்கும். அந்த இடத்தில் கம்பி கிடையாது, சங்கிலி கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது, ஆழம் எவ்வளவு என்று சொல்லவும் யாரும் கிடையாது. ஆற்றில் வரும் தண்ணீரோ அணைக்கட்டில் ஆபத்து என்று எதற்காகத் தடுத்தீர்களோ அதே தண்ணீர்தான்.

கரையில் நின்று பார்க்கிறவருக்கு ஆறு அமைதியாகத்தான் தெரியும். பவானியின் படுகையில் பாறையும் பழைய மணல் குழியும் மாறி மாறி வரும். முழங்கால் தண்ணீரில் நிற்பவர் ஒரு எட்டு வைத்தால் தலைக்கு மேல் போய்விடும். கலங்கலான புதுத் தண்ணீரில் அந்த விளிம்பு கண்ணுக்கே தெரியாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் போன மாதம் நின்று குளித்த அதே இடத்தில் இந்த மாதம் நிற்க முடிவதில்லை. நனைந்த சேலையும் சுடிதார் துப்பட்டாவும் காலைச் சுற்றிக்கொள்ளும். ஜீன்ஸ் தண்ணீர் குடித்துக் கனத்து இழுக்கும். பெரும்பாலும் முதலில் வழுக்குவது ஒரு பிள்ளை. அதைப் பிடிக்க இறங்குபவர் தாயோ மாமனோ, அவரைப் பிடிக்க அடுத்தவர். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர், மூன்று பேர் போய்விட்டார்கள் என்று செய்தி வருவது இப்படித்தான்.

வாய்க்காலுக்குப் போகிறவர்களும் உண்டு. அணைக்கட்டின் வலக்கரையில் தடப்பள்ளி, இடக்கரையில் அரக்கன்கோட்டை, இரண்டும் சேர்ந்து 24,504 ஏக்கருக்குப் பாயும் வாய்க்கால்கள். பார்க்கக் குறுகலாக, சமமாக, பயமில்லாததுபோல் இருக்கும். ஆனால் தண்ணீர் நிறைய ஓடும்போது சரிந்த கரையில் பாசி வழுக்கும், பிடிக்க ஒன்றும் இருக்காது. இறங்கியவர் ஏறும் இடத்தைத் தேடுவதற்குள் பாலத்துக்கோ மதகுக்கோ இழுபட்டுப் போய்விடுவார்.

ஆகவே தடை நாளில் குறைக்க வேண்டியது கேட்டுக்கு வந்து ஏமாறும் குடும்பங்களின் எண்ணிக்கையை. அதற்கு வேண்டிய தகவல் உங்கள் கையிலேயே இருக்கிறது. பவானிசாகர் அணையின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றும் தினமும் பதிவாகின்றன. மழை பெய்வது நீலகிரியில். அங்கே பெய்தால் பில்லூர் அணை நிறைந்து பவானியில் தண்ணீர் இறங்கும், இன்னொரு பக்கம் மாயாறு வரும், இரண்டும் பவானிசாகரில் சேரும். அணையின் முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. அக்டோபர் முடியும் வரை பாதுகாப்புக்காக 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை என்பது நடைமுறை. அணை 101 அடியில் நிற்கிறது, நீலகிரியில் கனமழை, வரத்து ஏறிக்கொண்டே போகிறது என்றால் நாளைக்கு உபரி நீர் திறக்க வாய்ப்பு அதிகம் என்று சனிக்கிழமை மாலையே உங்கள் பொறியாளர்களுக்குத் தெரிந்துவிடும். மதகு திறந்த பிறகும் தண்ணீர் பவானிசாகரிலிருந்து கொடிவேரிக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க எங்களை எச்சரிக்கக் கிடைக்கும் நேரம்.

ஆகவே இரண்டு முறை சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு முறை: நாளை குளிக்கலாம், சந்தேகம், வேண்டாம் என்ற மூன்றில் ஒன்று. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு இன்னொரு முறை, இறுதி முடிவு. தடை இல்லாத வாரத்திலும் சொல்லத்தான் வேண்டும். தடை உள்ள நாளில் மட்டும் செய்தி வந்தால், செய்தி வராத நாளில் தண்ணீர் நல்லபடியாக இருக்கிறதா, அல்லது யாரும் சொல்ல மறந்துவிட்டார்களா என்று வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? மார்கழி, தை மாதத்துச் சாதாரண வாரங்களிலேயே இந்தப் பழக்கம் வந்துவிட்டால், ஆடிப்பெருக்கு வரும்போது எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். 'கொடிவேரி. ஞாயிறு. குளிக்கத் தடை. பரிசல் இல்லை. பூங்கா திறந்திருக்கும். அடுத்த அறிவிப்பு மாலை 6 மணி.' இவ்வளவு போதும். 'மறு உத்தரவு வரும் வரை' என்று மட்டும் முடித்தால் அந்த மறு உத்தரவை எங்கே, எப்போது பார்ப்பது என்று யாருக்கும் தெரியாது. தேதியும் நேரமும் போடாத படம் வாட்ஸ்அப்பில் மூன்று மாதம் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும், பிறகு உண்மையான அறிவிப்பையும் மக்கள் நம்ப மாட்டார்கள். ஒரே ஒரு வாட்ஸ்அப் சேனல், மாவட்ட நிர்வாகத்தின் பெயரில், அதில் இந்த அறிவிப்பைத் தவிர வேறு எதுவும் வரக் கூடாது. போனில் பார்க்காதவர்களுக்கு உள்ளூர் கேபிள் டிவியின் கீழ்வரியும், கோபி, சத்தி, ஈரோடு, திருப்பூர் பஸ் நிலையங்களில் ஒரு கரும்பலகையும் போதும். பஸ் நிலையப் பலகைக்குச் செலவு ஒரு சாக்பீஸ். அதை எழுத வேண்டியவர் யார் என்று பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்தால்தான் அது எழுதப்படும்.

கன அடி என்ற அளவை அப்படியே சொன்னால் பலருக்கும் புரிவதில்லை. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். ஆற்றில் 5,000 கன அடி போகிறது என்றால் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 1,41,500 லிட்டர் தண்ணீர் அந்த அணைக்கட்டைத் தாண்டுகிறது. எத்தனை கன அடிக்கு மேல் போனால் குளிக்க விடுவதில்லை என்ற எண்ணை நுழைவாயிலில் பெரிய எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே இன்றைய அளவை எழுதுங்கள். காரணம் கண்ணெதிரே இருந்தால் கேட்டில் நிற்கும் காவலரோடு வாக்குவாதம் செய்ய ஒன்றும் இருக்காது.

அணைக்கட்டுக்குக் கீழே விழும் தண்ணீர் ஏன் ஆபத்து என்பதையும் அதே பலகையில் எழுதலாம். அளவாக விழும்போது கொடிவேரி அருவி முதுகைத் தட்டிக் கொடுக்கும், அதற்காகத்தான் இத்தனை பேர் வருகிறார்கள். அளவு மீறினால், விழுந்த தண்ணீர் அடியில் புரண்டு மறுபடியும் சுவர்ப் பக்கமே திரும்பி வரும். அதில் மாட்டியவரை வெளியே தள்ளாமல் அருவிக்கு அடியிலேயே இழுத்து இழுத்துப் போடும். நுரையில் பாதி காற்று என்பதால் உடம்பு மிதக்காது. நீச்சல் தெரிந்தவரும் இங்கே தப்புவது அரிது. 'எனக்கு நீச்சல் தெரியும்' என்று சொல்லும் இளவட்டத்துக்கு 'ஆபத்து' என்ற ஒற்றைச் சொல்லைவிட இந்த விளக்கம்தான் உறைக்கும்.

அடுத்து, கேட்டை முழுக்க அடைக்காதீர்கள். தண்ணீரை மட்டும் அடையுங்கள். பூங்கா, மீன் கடை, ஆற்றைத் தள்ளி நின்று பார்க்கும் மேடு, கழிப்பறை, குடிநீர்க் குழாய் இவை திறந்தே இருக்கட்டும். கரைக்கு இறங்கும் படியில் கம்பித் தடுப்பும் இரண்டு காவலரும் போதும். 1125-ஆம் ஆண்டில் கொங்காள்வான் கட்டியதாகச் சொல்லப்படும் அணைக்கட்டில் வெள்ளம் புரண்டு விழுவதைப் பத்திரமான தூரத்தில் இருந்து பார்ப்பதே பெரிய காட்சிதான். மரத்தடியில் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு, அரைக் கிலோ ஜிலேபி மீன் வறுவல் வாங்கி, பிள்ளைகளை ஊஞ்சலில் ஆடவிட்டுத் திரும்பினால் அந்த நாள் வீணாகாது. வேறு கரை தேடவும் தோன்றாது. அதே அறிவிப்பிலேயே பவானிசாகர் அணைப் பூங்கா, பண்ணாரி, பாரியூர் கோயில்கள் என்று போகக்கூடிய இடங்களைச் சொல்லிவிட்டால் வேன்காரர்களே வண்டியை அங்கே திருப்புவார்கள்.

தடை நாளில் காவலுக்கு ஆள் போதாது என்பதை அறிவோம். ஆற்றின் பள்ளம் மேட்டை விரல்நுனியில் வைத்திருப்பவர்கள் பரிசல்காரர்கள். தடை விழுந்தால் அவர்களுக்கு அன்றைய வருமானமே போய்விடுகிறது. அந்த நாட்களில் அவர்களுக்கு நாள் கூலி கொடுத்து, மேலும் கீழும் ஆற்றுக்கு இறங்கும் தடங்களில் இரண்டிரண்டு பேராக நிறுத்துங்கள். கையில் ஒரு விசில், பதினைந்து மீட்டர் கயிறு, அதன் முனையில் மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் கேன். கேன் மிதக்கும், தூரமாகவும் வீசலாம், பிடிப்பதற்குக் கைப்பிடியும் உண்டு. முழுகுகிறவரைப் பார்த்ததும் யாரும் பின்னால் குதிக்காமல் தடுப்பதே அவர்களின் முதல் வேலையாக இருக்க வேண்டும். பிள்ளைகள் தண்ணீருக்குப் போகும்போதே பேசிப் பார்ப்பது அதற்கு முந்தைய வேலை. 'தம்பி, அந்தப் பாறைக்கு அப்புறம் பன்னிரண்டு அடி' என்று ஆற்றோடு பழகியவர் சொன்னால் கேட்பார்கள்.

கரையேற்றியவருக்கு என்ன செய்வது என்பதில் இன்னும் பழைய வழக்கங்கள் நிலைத்திருக்கின்றன. வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தொங்கவிடுவது, தோளில் போட்டுச் சுற்றுவது எல்லாம் கிடைக்கும் நிமிடங்களை வீணாக்கும், வாந்தி நுரையீரலுக்குள் போய் நிலைமை மோசமாகவும் ஆகும். மூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடியும் 30, 2 என்று 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். கண் விழித்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பரிசல்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் பருவமழைக்கு முன் அரை நாள் பயிற்சி கொடுத்தால் இந்தப் பழைய வழக்கம் மாறும்.

தடை இல்லாத ஞாயிறுகளுக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. முதலாவது, பெண்கள் உடை மாற்றும் இடம். எத்தனை அறை வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், கணக்குப் போடலாம். பிள்ளையோடு உள்ளே போகிற பெண்ணுக்கு எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். ஒரு அறையில் ஒரு மணி நேரத்துக்கு ஆறு, ஏழு பேர்தான் மாற்ற முடியும். சாப்பாட்டு நேரத்தை ஒட்டி, பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள், இருநூறு பெண்கள் கரையேறினால் பதினைந்து அறையாவது வேண்டும். அறை குறைந்தால் என்ன ஆகிறது? நான்கு பெண்கள் சேலையை விரித்துப் பிடித்து மறைத்துக்கொள்ள நடுவில் ஒருவர் மாற்றுகிறார், இல்லையென்றால் ஈரத்துணியோடே வேனில் ஏறுகிறார். இன்னும் பலர் இதனாலேயே தண்ணீரில் இறங்குவதில்லை. சோற்று மூட்டைக்கும் செருப்புக்கும் காவலாக நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை ஒரு ஞாயிறு நின்று பார்த்தாலே தெரிந்துகொள்வீர்கள்.

அறை கட்டும்போது கவனிக்க வேண்டியவை சிறியவை. கதவில் இரண்டு கொக்கி, ஒன்று ஈரத்துணிக்கு, ஒன்று காய்ந்த துணிக்கு. இடுப்பு உயரத்தில் ஒரு திட்டு, பையைத் தரையில் வைத்தால் நனைந்துவிடும். தரைக்குச் சரிவு, ஓரத்தில் வடிகால். உள்தாழ்ப்பாள் கட்டாயம். மேலே வெளிச்சம் வரும்படி இடைவெளி இருக்கட்டும், ஆனால் பக்கத்து மேட்டில் நிற்பவருக்கு உள்ளே தெரியக் கூடாது. வெளியே ஒரு பெண் பணியாளர் இருந்தால் செல்போன் பயம் இல்லாமல் உள்ளே போவார்கள்.

பஸ் பற்றி. 2021-இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்த பிறகு, அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் பிள்ளைகளோடு பஸ்ஸிலேயே கிளம்பி வர முடிகிறது. வேனுக்குக் காசு சேர்க்க வேண்டியதில்லை, யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இவர்களுக்கு ஒரே கவலை திரும்பும் பஸ். கேட் அடைக்கும் நேரத்துக்கு அரை மணி கழித்து ஒரு பஸ் நிச்சயம் என்று நிறுத்தத்தில் எழுதிப் போட்டால், மூன்று மணிக்கே பதறிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். தடை நாளில் நடத்துநரிடமே செய்தி இருந்தால் டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார். இன்னொரு பக்கம், பஸ் இல்லாத ஊர்களிலிருந்து சரக்கு வண்டியில் இருபது பேர் நின்றுகொண்டு வருகிறார்கள். அது சட்டப்படி தவறு, கவிழ்ந்தால் இழப்பீடு கிடைப்பதும் கடினம். பிடித்து அபராதம் போடுவதோடு, விசேஷ நாட்களில் அந்த ஊர்களுக்கு ஒரு சிறப்பு பஸ் விட்டால் அந்த வண்டியில் ஏற யாருக்கும் மனம் வராது.

பாட்டிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெறுங்காலோடு நடக்கும் பாறையில் உடைந்த கண்ணாடி, தண்ணீருக்கடியில் கண்ணுக்கே தெரியாது. நுழைவாயிலில் பையைச் சோதிப்பது ஒரு வழி, ஆனால் கரைக்கு வேறு தடங்களும் இருக்கின்றன. நீலகிரியில் 2022-இல் தொடங்கிய, காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற ஏற்பாடு பாட்டிலைப் பொறுக்கி எடுக்க ஒரு காரணம் கொடுத்தது. ஆற்றோரத்தில், அணைக்கட்டுக்கு அருகிலேயே அப்படித் திருப்பி வாங்கும் இடம் ஒன்று வேண்டும். மீன் கடைகளில் எண்ணெயைக் கறுக்கும்வரை திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் பார்க்க வேண்டும். அதற்கு, காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் சேரும் கெட்ட பொருள் (மொத்த போலார் பொருள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இருக்கிறது, சோதிக்கக் கையடக்கக் கருவியும் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பார்த்தால் போதும், கடைக்காரர்களும் நல்ல எண்ணெய்க்கு மாறிவிடுவார்கள்.

இவற்றில் அறை கட்டுவதற்கும் பஸ் விடுவதற்கும் நிதி, அனுமதி என்று நாளாகும். அறிவிப்புக்கு அத்தனை நாள் ஆகாது. ஆடிப்பெருக்கு ஆகஸ்டு தொடக்கத்தில் வருகிறது, அப்போது தென்மேற்குப் பருவமழையில் அணைக்கு வரத்து இருக்கும், குடும்பம் குடும்பமாகப் பவானிக்கு வருவார்கள். வாட்ஸ்அப் சேனலைத் தொடங்குவது, அதை நடத்தும் பொறுப்பாளர் ஒருவரையும் அவர் விடுப்பில் போனால் பார்க்கும் மாற்று ஒருவரையும் நியமிப்பது, நான்கு பஸ் நிலையங்களில் பலகை வைப்பது, பரிசல்காரர்களை அழைத்து தடை நாள் கூலியைப் பேசி முடிப்பது, இந்த நான்கையும் ஜூலை மாதத்துக்குள் முடித்துத் தாருங்கள். ஆற்றுக்கு இறங்கும் தடங்கள் எவை, எந்த இடத்தில் பள்ளம், எங்கே பலகை வைக்க வேண்டும் என்பதை உங்கள் அலுவலர்களோடு கரை நெடுகிலும் நடந்து வந்து காட்ட நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கோபி, சத்தி வட்டார மக்கள்